மேலே அரிசி, கீழே நெல்: ஒரு பூவரசு, இரண்டு எறும்புகள்

வைகாசி மாதத்துக் கோடை மழை காற்றோடுதான் வரும். போன வருடம் அப்படி வந்த ஒரு ராத்திரிக் காற்றில் எங்கள் கொல்லைப் பூவரசின் கிளை ஒன்று முறிந்து துவைக்கிற கல் மேல் விழுந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ சிந்திக் கிடந்தது. சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது, வெள்ளை அசையாமல் கிடந்தது. கிளையோடு விழுந்து உடைந்த முசுறுக் கூடு அது.

அதே மரத்தடியில், வேர் புடைத்த இடத்தில், ஒரு கட்டெறும்பு வளை உண்டு. அதற்குள்ளும் மழைத்தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பெரிய கறுப்பு எறும்புகள் வாயில் ஆளுக்கொரு மூட்டையோடு கொல்லைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. இந்த மூட்டைகள் வெள்ளை இல்லை. வெளிர்பழுப்பு நிறம், இரண்டு முனையும் உருண்ட நீள்வடிவம், ஒரு முனையில் மட்டும் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் கல்லையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சென்னையில் ஏழாவது படிக்கிறாள். “மாமா, அதோட முட்டை அரிசி மாதிரி இருக்கு. இதோட முட்டை நெல்லு மாதிரி இருக்கு. ஏன்?”

அவள் கேட்டதில் ஒரே ஒரு சொல்தான் தவறு: முட்டை. அதை மட்டும் திருத்திவிட்டு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், இந்த இரண்டு எறும்புகளும் ஏன் இப்படி வேறு வேறாக வாழ்கின்றன என்ற இடத்துக்கு வந்து சேரலாம். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எறும்பைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை என்பவர்களுக்காக.

முதலில் ஆள் அடையாளம்.

முசுறு என்று நான் சொல்வதை முசிறு, முசுடு, செவ்வெறும்பு என்றும் சொல்வார்கள். சிடுசிடுவென்று விழுகிற மனிதரையும் முசுடு என்கிறோம். யார் பெயர் யாருக்குப் போனதோ! மா, நாவல், பூவரசு, புங்கை என்று மரங்களில் பச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்து போலக் கூடு கட்டும். செம்பழுப்பு உடல், நீண்ட கால்கள், ஆள் கிட்டே போனால் முன்காலைத் தூக்கி வாயைத் திறந்து நிற்கும் தோரணை. அறிவியல் பெயர் ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் இலைவீடு என்று பொருள். பின்பாதி மரகதத்தைக் குறிக்கும். செக்கச்செவேல் என்று இருப்பதற்கு மரகதம் என்று ஏன் பெயர் என்றால், இதே இனம் வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. அங்கே அதன் பின்னுடல் பச்சையாக இருக்கும்.

கட்டெறும்பு என்ற பெயரை ஊருக்கு ஊர் வேறு எறும்புகளுக்கும் வைப்பதுண்டு. நான் சொல்வது உடல் முழுக்கக் கறுப்பாக, மண்ணில் வளை தோண்டி, சாயங்காலமானால் சர்க்கரை டப்பாவைத் தேடி வருகிற பெரிய எறும்பை. கழுதை தேய்ந்து எதுவாக ஆகுமோ, அது. அறிவியலில் கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ்.

இரண்டுக்கும் முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஒரே ஆள்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ், முசுறுக்கு 1775-இல், கட்டெறும்புக்கு 1787-இல். அந்தக் காலத்தில் நம் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1620-இல் வந்தவர்கள் 1845-இல்தான் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அங்கிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றுக்கும் இதே ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்திருக்கிறார். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காவிரிக் கடைமடையின் பூச்சிகளும் அந்தக் கரையிலிருந்துதான் ஐரோப்பாவின் ஏடுகளில் ஏறின என்பதை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

உறவு முறையில் இரண்டும் பங்காளிகள். உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட எறும்பு இனங்கள் 14,000-க்கு மேல், இந்தியாவில் மட்டும் 800-க்கு மேல். அவ்வளவு கூட்டத்தில் முசுறும் கட்டெறும்பும் ஒரே துணைக்குடும்பத்தில் வருகின்றன. இந்தத் துணைக்குடும்பத்து எறும்புகளுக்குக் கொடுக்கு கிடையாது. அவை கடிக்கும், கொட்டா. கடித்த கையோடு பின்னுடலை வளைத்து ஃபார்மிக் அமிலத்தைக் காயத்தில் பீய்ச்சும். முசுறு கடித்த இடம் எரிவது அதனால்தான். அமிலத்தின் பெயரே எறும்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வாலையில் இட்டு வடித்து இந்தப் புளிச்சாற்றை எடுத்துக் காட்டினார். எங்கள் அம்மாவுக்கு அவரைத் தெரியாது. கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஆக, ஒரே குடும்பம், ஒரே ஆயுதம். வாழ்க்கைதான் வேறு. எங்கே பிரிகிறது என்று பார்க்க அந்த அரிசிக்கும் நெல்லுக்கும் திரும்புவோம்.

முட்டை என்று நாம் சொல்வது

எறும்பின் நிஜ முட்டை மிகச் சின்னது. ரவையில் பொடி ரவை அளவுதான் இருக்கும். அதிலிருந்து காலில்லாத வெள்ளைப் புழு வரும். தானாக நகராது, தானாகத் தின்னாது, ஊட்டிவிட வேண்டும். புழு தின்று வளர்ந்து முடித்ததும் கூட்டுப்புழு ஆகும். கால், மீசை, கண் எல்லாம் உருவாகும் உறக்க நிலை அது. அதிலிருந்து எழுந்து வருவது முழு எறும்பு. அதற்குப் பிறகு அது ஒரு மயிரிழைகூட வளராது.

இந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா மகளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சின்ன எறும்பு என்றால் குட்டி எறும்பு என்றே எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. வளர்ச்சி முழுவதும் புழுப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. சாரையில் போகிற குட்டையும் நெட்டையும் எல்லாம் வளர்ந்து முடிந்த ஆட்கள். இன்னும் சரியாகச் சொன்னால் எல்லாம் பெண்கள், ராணி பெற்ற பெண்கள். ஆண்களுக்கு இறக்கை உண்டு. பறந்துபோய் இணை சேர்வதோடு அவர்கள் கதை முடிகிறது.

எறும்பு வாயில் தூக்கிக்கொண்டு ஓடும்போது நம் கண்ணில் படுகிற பெரிய “முட்டை” அநேகமாகக் கூட்டுப்புழுதான். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்கிற பழமொழியில் வருவதும் பெரும்பாலும் இதுதான். பழமொழியைக் குறை சொல்லவில்லை, முட்டை என்ற சொல்லை மட்டும்தான் திருத்துகிறேன்.

இப்போது நெல். கட்டெறும்புப் புழு உறக்கத்துக்குப் போகும் முன் வாயருகே உள்ள சுரப்பியிலிருந்து பட்டு நூல் விட்டுத் தன்னைச் சுற்றி ஒரு உறை நெய்துகொள்ளும். பட்டுப்புழு செய்கிற அதே வேலை. அந்த உறைதான் வெளிர்பழுப்பு. முனையில் தெரியும் கறுப்புப் பொட்டு, புழு அதுவரை வயிற்றில் அடக்கி வைத்திருந்த கழிவு முழுவதையும் உறக்கத்துக்கு முன்னால் ஒரேயடியாக வெளியேற்றிய அடையாளம். உள்ளே கூட்டுப்புழு வெள்ளையாகத்தான் இருக்கும். வெளியே உமி இருப்பதால் நமக்கு நெல்லாகத் தெரிகிறது.

முசுறின் கூட்டுப்புழுவுக்கு உமி இல்லை. வெறும் அரிசி. பட்டு நூல் இல்லாமலா? இருக்கிறது. கட்டெறும்புப் புழுவுக்கு இருப்பது போலவே தாராளமாக இருக்கிறது. அதை வேறு செலவுக்கு எடுத்துவிட்டார்கள்.

வீடு கட்ட எடுத்தது

காலையில் நிழலான கிளையாகப் பார்த்து நின்றால் இதைக் கண்ணாலேயே காணலாம். புதிதாகக் கூடு கட்டத் தொடங்குகிற முசுறுகள் ஒரு இலையின் ஓரத்தில் வரிசையாக நின்று பின்னங்காலால் இந்த இலையையும் வாயால் அந்த இலையையும் பிடித்து இழுக்கும். திருவாரூர் ஆழித்தேர் வடத்தில் ஆட்கள் நிற்பது போல, ஒன்றிரண்டு இழுத்தால் ஒன்றும் ஆகாது, வரிசை கூடக் கூட இலை அசையும். இடைவெளி எட்டாத தூரமாக இருந்தால் ஒருத்தி நீட்டி நிற்பாள், அவள் இடுப்பை இன்னொருத்தி கவ்விப் பிடிப்பாள், அவள் இடுப்பை மற்றொருத்தி. இப்படி உடலாலேயே சங்கிலி கோத்து அடுத்த இலையை எட்டிப் பிடிப்பார்கள். இலையில் பிடிப்பு விடாமல் இருப்பதற்குப் பாதத்தில் ஒட்டும் மெத்தை உண்டு. தலைகீழாகக் கண்ணாடியில் நின்றபடி தன் எடையைப் போல நூறு மடங்கு எடையைக் கவ்விப் பிடித்திருக்கும் முசுறைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

இலைகள் சேர்ந்ததும் வேறு சிலர் பழைய கூட்டுக்குள் போய் நன்றாக வளர்ந்த புழுக்களை வாயில் கவ்விக் கொண்டு வருவார்கள். இங்கேதான் விஷயம். புழுவின் தலையை இந்த இலை ஓரத்தில் ஒரு தொடல், அந்த இலை ஓரத்தில் ஒரு தொடல். மீசையால் புழுவைத் தட்டிக்கொடுக்க, அது நூல் விடும். இந்தப் பக்கம் ஒட்டி, அந்தப் பக்கம் ஒட்டி, திரும்ப இந்தப் பக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனத்தில் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு உவமை தேவையில்லை. புழுதான் நாடா, புழுதான் பாவு, ஊடை எல்லாம். கொஞ்ச நேரத்தில் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி போல ஒரு படலம் விழுந்துவிடும். ஒரு நாளுக்குள்ளேயே கூடு தயாராகிவிடுவதுண்டு.

நூலை வீட்டுக்குக் கொடுத்துவிட்ட புழு, கூட்டுப்புழு ஆகும்போது தனக்கென்று உறை நெய்வதில்லை. அம்மணமாகவே உறங்கும். கல் மேல் சிந்திக் கிடந்த அரிசி அதுதான்.

எறும்புகளில் புழுவே நூல் விடாத பெரிய பிரிவுகளும் உண்டு. ஆகவே உறை இல்லாத கூட்டுப்புழு என்பது உலக அதிசயம் இல்லை. நூல் இருந்தும் தனக்கென்று வைத்துக்கொள்ளாததுதான் முசுறின் விசேஷம். பிள்ளைகள் பீப்பி ஊதுவதற்குப் பூவரச இலையைச் சுருட்டுவார்கள். விரலை எடுத்தால் இலை விரிந்துகொள்ளும். இலைக்கு வளையத் தெரியும், வளைந்தபடி நிற்கத் தெரியாது. இலையில் குடியிருக்க முடிவு செய்த எறும்புக்கு அதை நிறுத்திவைக்க ஏதாவது வேண்டும். அந்த ஏதாவதுதான் பிள்ளைகளின் நூல்.

மண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. தோண்டினால் குழி, குழிக்குள் அறை. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலில் வளை தோண்டுவது பெரிய பாடும் இல்லை. வாயில் மண் உருண்டையைக் கவ்விக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுத் திரும்பினால் போதும். கட்டெறும்பின் இனத்துக்கு ஆங்கிலத்தில் தச்சு எறும்பு என்று பெயர். குளிர் நாடுகளில் இதன் உறவுகள் மரத்தைக் குடைந்து குடியிருப்பதால் வந்த பெயர். நம் கட்டெறும்பு தச்சு வேலை எதுவும் செய்வதில்லை, மண்வெட்டி வேலைதான். வேருக்குப் பக்கத்தில் இறங்குவதில் லாபம் உண்டு. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மரம் நிழல் தருகிறது, சாப்பாட்டுக்கும் அதே மரத்தில் ஏறிவிடலாம். வீட்டுச் செலவு இவ்வளவு குறைவாக இருக்கும் குடும்பத்தில் பிள்ளை தன் நூலைத் தானே வைத்துக்கொள்கிறது.

இலைவீட்டின் செலவு அதோடு நிற்கவில்லை என்பதுதான் என் கணக்கு. இலை காயும், பழுக்கும், உதிரும். கூடு காய்ந்தால் புதுக் கூடு கட்டிக் குடிபெயர வேண்டும். எப்போதும் கையில் புழு இருக்க வேண்டும், எப்போதும் ஆள் இருக்க வேண்டும். முசுறின் மற்ற பழக்கங்களும் எனக்கு இந்தத் தேவையோடு சேர்ந்தே தெரிகின்றன.

கூடு வீடு இல்லை, அறை

பூவரசில் ஆறு இலைப்பந்து தொங்கினால் ஆறு குடும்பம் என்று நினைக்கக் கூடாது. ஒரே குடும்பத்தின் ஆறு அறைகள் அவை. பக்கத்து மாமரத்தில் தொங்குவதும் அதே குடும்பமாக இருக்கலாம். நன்கு வளர்ந்த ஒரு முசுறுக் குடும்பம் பல மரங்களில் பரவி, ஐந்து லட்சம் வேலைக்காரிகள் வரை கொண்டிருக்கும். ராணி பொதுவாக ஒருத்திதான், ஏதோ ஒரு கூட்டில் இருப்பாள். அவள் இடும் முட்டைகளையும் புழுக்களையும் வேலைக்காரிகள் மற்றக் கூடுகளுக்குச் சுமந்து போய் வளர்ப்பார்கள். அன்றைக்குக் கல் மேல் உடைந்த கூட்டில் நாங்கள் தேடியும் ராணி இல்லை. சாயங்காலத்துக்குள் சிந்திக் கிடந்த அரிசியில் பாதிக்கு மேல் மரத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. அவர்களுக்கு அது ஒரு அறை இடிந்த கணக்குதான்.

கட்டெறும்புக் குடும்பம் சிறியது. லட்சத்தை எல்லாம் எண்ண வேண்டாம், ஆயிரங்களோடு நின்றுவிடும். ஆனால் ஆட்களின் உருவத்தைப் பார்த்தால் அங்கேதான் வகை அதிகம். 7 மில்லிமீட்டர் குட்டையிலிருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் வரும் பெருந்தலை வரை, அடுக்குச்சட்டி மாதிரி எல்லா அளவிலும் இருப்பார்கள். பெருந்தலைக்காரிகளின் தலைக்குள் இருப்பது மூளை என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி தாடைத் தசை. கடிக்கவும் வெட்டவும் காவல் நிற்கவும் அது உதவும். முசுறில் அடுக்கு கிடையாது, டபராவும் டம்ளரும் போல இரண்டே அளவு. பெரியவர்கள் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை. இரை தேடுவது, சண்டை போடுவது, இலை இழுப்பது எல்லாம் அவர்கள். சின்னவர்கள் அதில் பாதி அளவு. பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருந்து பிள்ளை பார்ப்பார்கள். நம் வேட்டி மடிப்பில் வந்து உட்காருவது எப்போதும் பெரியவர்கள்தான். சின்னவர்களைப் பார்க்கக் கூடு உடைய வேண்டும்.

மாடு வளர்ப்பு, இரண்டு வீட்டிலும்

சாப்பாட்டில் பாதி ஒற்றுமை, பாதி வேற்றுமை. இலைச்சாறு உறிஞ்சும் அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்றவை உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாகப் பின்னால் விடும். இரண்டு எறும்புகளும் அந்தத் துளிக்காக அவற்றை மாடு மாதிரிப் பார்த்துக்கொள்ளும். மீசையால் தட்டிக் கறக்கும், தின்ன வரும் பூச்சிகளை விரட்டும். முசுறு ஒருபடி மேலே போய் மாட்டுக்கு இலையும் பட்டும் வைத்துக் கொட்டகையே போட்டுவிடும். பூவரசில் இன்னொரு வசதியும் உண்டு. இலையைத் திருப்பி நடுநரம்பின் அடியில் பாருங்கள், தேன் கசியும் ஒரு சிறு பள்ளம் தெரியும். பூ இல்லாத இடத்திலும் தேன் வைத்து எறும்பைக் கூப்பிடுகிற மரம் இது. எங்கள் கொல்லையில் இரண்டு எறும்பும் ஏன் இந்த மரத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று கேட்டால், இந்தப் பள்ளத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

வேற்றுமை கறி விஷயத்தில். முசுறு வேட்டைக்காரி. கம்பளிப்பூச்சி, வண்டு, ஈ என்று மரத்தில் அசைவதை எல்லாம் நாலா பக்கமும் காலைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். ஐந்து லட்சம் வாய்க்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. கட்டெறும்பு அந்த அளவுக்கு வேட்டைக்குப் போவதில்லை. இனிப்பு முதலில், செத்த பூச்சி கிடைத்தால் கூடுதல். இனிப்பில் புரதம் குறைவுதானே, எப்படிச் சமாளிக்கிறது? கட்டெறும்பு சேர்ந்த கேம்போனோட்டஸ் வகை எறும்புகளின் குடலோரச் செல்களில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. யூரியாவில் உள்ள நைட்ரஜனை எடுத்து எறும்புக்குத் தேவையான அமினோ அமிலமாக மாற்றிக்கொடுக்கிறது. வயலில் நாம் நெல்லுக்கு யூரியா போடுகிறோம், இவள் தன் வயிற்றிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்கிறாள்.

இதனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று நம் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். பழைய மருத்துவர்களும் அதைக் கவனித்திருக்கிறார்கள். கட்டெறும்பு மொய்த்ததை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கும் வந்திருக்கலாம், யூரியாவுக்கும் வந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையை எறும்பிடம் விடாமல் ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்வது நல்லது.

இருவருக்கும் பொதுவான இன்னொன்று, ஊர்ப்பொது வயிறு. எறும்புக்குச் செரிக்கும் வயிற்றுக்கு முன்னால் இரையைச் சேர்த்துவைக்கும் பை ஒன்று உண்டு. அதில் நிரப்பிய தேன் தனக்கு மட்டும் இல்லை, வழியில் பசியோடு வரும் சகோதரிக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொட்டு வெல்லப்பாகை வளைக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருங்கள். கட்டெறும்பு குடிக்கக் குடிக்கப் பின்னுடலின் கறுப்புத் தகடுகள் விலகி, நடுவில் வெளிறிய தோல் வரி வரியாகத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்தால் காத்திருப்பு குறையும், வெயில் தாழ்ந்த பிறகுதான் அவள் நடமாட்டம் அதிகம். முசுறுக்கு இதே சோதனையைச் செய்ய ஆசைப்பட்டால் கை நீளமான குச்சியோடு போங்கள்.

எல்லை

முசுறு தன் மரத்தில் இன்னொருவரைப் பொறுத்துக்கொள்ளாது. நடக்கும் கிளைகளில் எல்லாம் தன் கழிவால் அடையாளம் இட்டுவைக்கும். வேறு குடும்பத்து முசுறு அந்த வாசனையில் கால் வைத்தாலே தெரிந்துகொள்ளும், இது நம் ஊர் இல்லை என்று. இரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்த மரங்களில் இருந்தால் நடுவில் யாருமே நடக்காத ஒரு சூனியப் பகுதி உண்டாகிவிடும். பங்காளி வரப்புத் தகராறில் தரிசாகக் கிடக்கும் ஒரு முழ நிலம் மாதிரி.

அப்படியானால் அடியில் இருக்கும் கட்டெறும்பு எப்படி மரம் ஏறுகிறது? எங்கள் மரத்தில் நான் பார்த்தவரை, ஏறுவது ஆற்றைப் பார்த்த பக்கத்துக் கிளை ஒன்றில் மட்டும். முசுறுக் கூடு அந்தக் கிளையில் இல்லை. ஏறுவதும் பெரும்பாலும் இருட்டுகிற நேரத்தில், முசுறு நடமாட்டம் தணிந்த பிறகு. சில நாள் கணக்குத் தப்பும். அப்போது நாலைந்து முசுறுகள் ஒரு கட்டெறும்பை ஆளுக்கொரு காலாகப் பிடித்து விறைக்க இழுத்து நிறுத்தியிருக்கும். அன்றைக்கு மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தபோதும், நெல்லைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் தலைக்கு மேலேயே இருந்த மரத்தில் ஏறவில்லை, எட்டடி தள்ளி இருந்த சுவரைத் தேடிப் போனார்கள்.

முசுறின் கோபத்தை நம்பிப் பிழைப்பவர்களும் உண்டு. முசுறு மாதிரியே நிறமும் உடலும் கொண்ட ஒரு குதிக்கும் சிலந்தி அதே மரத்தில் திரிகிறது. முசுறைத் தொட யாரும் துணியமாட்டார்கள் என்பதால் அந்த வேஷம். கால்களை எண்ணுங்கள், ஆறு என்றால் எறும்பு, எட்டு என்றால் வேஷக்காரர். மனிதர்களும் அந்தக் கோபத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தென்சீனத்தில் ஆரஞ்சு வகை மரங்களைப் பூச்சியிடமிருந்து காக்க முசுறுக் கூடுகளைப் பைகளில் வைத்துச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் முசுறை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடும் கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கெல்லாம் யாரும் தயாராக இல்லை. மாங்காய் பறிக்க மரம் ஏறுகிறவர் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுவார், முசுறைத் திட்டிக்கொண்டே இறங்குவார். மாமரத்தில் பூச்சியைத் தின்னும் அதே முசுறு மாவுப்பூச்சிக்குக் காவலும் நிற்கிறது என்பதால், அதை உழவனின் நண்பன் என்று ஒரே அடியாக முத்திரை குத்த எனக்கும் தயக்கம்தான்.

கல் மேல் சிந்திய சிவப்பையும் வெள்ளையையும் பார்த்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. முசுறைச் சங்கப் பாடல்கள் முயிறு என்கின்றன. மருதத்திணைப் பாட்டு ஒன்றில், வயலில் மேய வந்த நாரை முயிறு மொய்த்த கூட்டில் உரசிவிடும். கூடு உதிர்ந்து சிந்துவதைச் செந்நெல்லோடு வெள்ளரிசி கலந்து கிடப்பதற்கு ஒப்பிடுவார் புலவர். சிவப்பு எறும்பு செந்நெல், அதன் “முட்டை” வெள்ளரிசி. பாட்டைச் சொன்னதும் அக்கா மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். “அப்ப அந்த நாரை கட்டெறும்பு வளைய மிதிச்சிருந்தா, புலவர் வேற மாதிரி எழுதியிருப்பாருல்ல?” ஆமாம். உமியோடு உள்ளதை அவர் வெள்ளரிசி என்று எழுதியிருக்க முடியாது. அந்த உவமை முசுறுக்குத்தான் பொருந்தும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ வயல்கரையில் நின்று அதன் பிள்ளைக்கு உறை இல்லை என்பதைப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்துச் சுவரிலிருந்த நெல்லெல்லாம் வளைக்குத் திரும்பிவிட்டது. அவள் மட்டும் காலையும் மாலையும் வளை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டெறும்பு தன் உறையை விட்டு வெளியே வரும்போது மூத்த சகோதரிகள் உறையைக் கடித்துக் கிழித்து உதவுவார்கள், கிழிந்த உறையைக் குப்பையோடு வெளியே தள்ளுவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். நாலாம் நாள் ஓடி வந்தாள். “மாமா, உமி!” உள்ளங்கையில் மண்ணோடு நாலைந்து பழுப்புத் தோல்கள், காற்றில் பறந்துவிடுகிற கனம்.

பிறகு அவளாகவே முசுறுக் கூடுகளுக்கு நேர் கீழே ஒரு பழைய வெள்ளைத் துண்டை விரித்து வைத்தாள். மறுநாள் அதில் வண்டின் கால்கள் கிடந்தன, ஈயின் இறக்கை கிடந்தது, ஏதோ ஒரு தலை கிடந்தது. உமி ஒன்றுகூட இல்லை. துண்டை மடிக்காமல் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். அதை எடுக்கப் போன அம்மா மறுபடி மரத்தைத் திட்டும் சத்தம் வாசல் வரை கேட்டது.